ஒரு வரியையும் மாற்றாதவர்

நான் அவரை முதன்முதலாகப் பார்த்த அன்றே அவர் ஒருவரின் மூக்கை உடைத்தார்.

தூத்துக்குடி கடற்கரைத் தெருவில் ஒரு கல்யாண வீடு. எழுபதுகளின் தொடக்கம். நான் மைக்செட் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மாலை விருந்துக்குப் பாட ஒருவர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். குட்டையான, நெஞ்சு அகன்ற மனிதர் ஒருவர் புல்புல்தாராவை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். தட்டச்சு மெஷினின் விசைகளைக் கம்பிகளுக்கு மேலே பூட்டி வைத்ததுபோல் இருக்குமே, அந்த வாத்தியம். கொழும்பிலிருந்து தோணியில் வந்தது. பந்தலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மைக்கைத் தன் வாய்க்கு நேராக இழுத்துக்கொண்டார்.

பாடிய மூன்றும் அவரே கட்டிய பாட்டுகள். நான்காவதைத் தொடங்கினபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து வந்தார். விசைப்படகு வைத்திருப்பவர். கழுத்தில் செயின், கொஞ்சம் போதை.

"போதும்யா. நல்லதா ஒரு சினிமாப் பாட்டு எடுத்து விடும்."

"எனக்கு எம் பாட்டுதான் தெரியும்."

"ஓம் பாட்ட எவம்லே கேட்டான்?" என்று சொல்லிக்கொண்டே அவர் புல்புல்தாராவின் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். பாட்டு பாதியில் நின்றது.

இவர் வாத்தியத்தை மடியிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தார். எழுந்தார். ஒரே குத்து. மூக்கெலும்பு உடைந்த சத்தம் மைக்கில் விழுந்து குழாய் ஒலிபெருக்கி வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. நாற்காலிகள் பறந்தன. ஆட்கள் இவர்மேல் பாய்ந்தார்கள். இவரும் வாங்கினார். காது பக்கம் கிழிந்து சட்டைக் காலர் சிவப்பானது. எல்லாம் அடங்கின பிறகு மறுபடி உட்கார்ந்து, எந்தச் சொல்லில் பாட்டு நின்றதோ அதே சொல்லிலிருந்து தொடங்கிப் பாடி முடித்தார். கேட்டவர்கள் பயந்துபோய்க் கேட்டார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பாட்டு என் வாயில் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பாடிய இடத்துக்கெல்லாம் என் மைக்செட்தான் போயிற்று. கோயில் கொடியேற்றம், கல்யாணம், படகு இறக்கும் விருந்து எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். பாதி இடங்களில் அடிதடியில் முடியும். கட்சிக்காரர்கள் வந்து, தேர்தலுக்குத் தங்கள் ஆள் பேரை வைத்து ஒரு பாட்டுக் கட்டித் தரச் சொன்னால், "அவன் என்ன செத்தா போனான், பாட்டுக் கட்ட" என்பார். அதற்கும் ஒருமுறை அடி விழுந்தது.

அவருக்கு வேலை சங்கு குளிப்பது. காலில் கல்லைக் கோத்துக்கொண்டு முங்கி, மூச்சு தீரும்வரை அடியில் துழாவிச் சங்கு பொறுக்கி வருவார். சின்ன வயதில் முத்துக் குளித்ததும் உண்டாம். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் இடது காதின் சவ்வு கிழிந்துவிட்டது. அந்தப் பக்கம் நின்று பேசினால் கேட்காது. மற்றவர்கள் மூன்று இடத்தில் மூச்சு வாங்கிப் பாடும் வரியை அவர் ஒரே மூச்சில் இழுத்துப் போவார்.

பாட்டும் அவருக்குத் தண்ணீருக்குள்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாது. மேலே வள்ளத்தில் சேவியர் என்றொருவன் இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். கயிறு ஆடினதும் இவரை மேலே இழுப்பது அவன் வேலை. கை ஒரு நொடி அசந்தால் இவர் பிணம். மேலே வந்ததும் இவர் முதலில் மூச்சு விடமாட்டார், வரியைச் சொல்வார் என்று சேவியர் சிரித்துக்கொண்டே சொல்வான். அவன் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அவன் மனப்பாடம் செய்துவிட்டால் அந்த வரி முடிந்தது. பிறகு அதில் ஒரு எழுத்தைக்கூட அவர் மாற்றமாட்டார்.

இந்தப் பிடிவாதத்தை நான் கிட்டத்தில் பார்த்தது மெட்ராஸிலிருந்து ரெக்கார்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தபோது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, இவர் பாட்டை இசைத்தட்டில் பதிக்க ஆசைப்பட்டு வந்திருந்தார். லாட்ஜ் அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். இவர் பாடினார்.

முங்கினவன் மூச்சுக்கு முதலாளி யாரு – அவன்
மூழ்கினபின் சங்குக்கு முதலாளி யாரு

வந்தவர் சொக்கிப்போய்விட்டார். "பிரமாதம். ஒரே ஒரு இடம் மட்டும். முதலாளி வேண்டாம். 'முங்கினவன் மூச்சுக்கு முருகனே காவல்'னு வச்சுக்கலாம். நாடு முழுக்க ஓடும்" என்றார்.

இவர் எழுந்துபோய் அவர் பிடரியைப் பிடித்தார். லாட்ஜின் பின்பக்கம் குளிப்பதற்குச் சிமெண்டுத் தொட்டி இருந்தது. தரதரவென்று இழுத்துப்போய்த் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார். நான் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. அந்த மனிதரின் கால்கள் சிமெண்டுத் தரையில் அடித்துக்கொண்டன. தூக்கி வெளியே எடுத்து, "யாரு ஞாபகத்துக்கு வந்தான், சொல்லும். முருகனா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் மறுபடி அமுக்கினார். லாட்ஜ் ஆட்கள் ஓடிவந்து பிரித்தார்கள்.

வந்தவர் சாயங்கால ரயிலிலேயே போய்விட்டார். அவரை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு வந்து, "ஏம்ணே இப்படி? ஒரு சொல்லுதான கேட்டாரு" என்றேன்.

"பாடுனத எப்படிலே எடுக்கது? அது உள்ள இருந்து வந்துட்டுல்லா."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைப் பொறுமையாக விளக்குவதுபோல் சொன்னார். எனக்கு அவரிடம் பயம் போனதே கிடையாது. அந்தத் தொட்டியில் ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் அவர் அன்றைக்கே கொலைகாரர்.

விசைப்படகுகள் பெருகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆழத்தில் போகவேண்டிய படகுகள் கரையோரம் வந்து வள்ளக்காரர்களின் வலைகளை அறுத்துப் போட்டன. இரண்டு பக்கமும் ஒரே கோயில், ஒரே தெரு, கொண்டு கொடுத்த உறவு. ஆனாலும் கடலில் கல் வீச்சும் கரையில் வெட்டுக்குத்துமாக இருந்தது. சங்கு குளிக்காத மாதங்களில் சேவியர் வலைக்குப் போவான். அப்படிப் போன ஒரு விடியற்காலையில் 'விடிவெள்ளி' என்ற விசைப்படகு அவன் வள்ளத்தின் மேலேயே ஏறிப் போனது. கூட இருந்தவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். சேவியர் படகின் அடியில் சுழலும் காற்றாடியில் மாட்டிக்கொண்டான்.

உடலை மணலில் ஓலைப்பாயில் கிடத்தியிருந்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அவன் மனைவி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர் வந்து பார்த்தார். ஒரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். அது நடந்த இடத்தில் முங்கி முங்கி அந்தக் கையைத் தேடினார். சாயங்காலம் வரை தேடினார். மறுநாளும் போனார். மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்த பிறகுதான் மற்றவர்கள் பிடித்து இழுத்து வந்தார்கள். கை கிடைக்கவில்லை. கை இல்லாமலே அடக்கம் நடந்தது. கல்லறையில் அவர் பாடினார்.

விடியுமுன்ன வந்ததையா விடிவெள்ளி – எங்
கயிறு பிடிச்ச கைய வெட்டிப் போனதையா விடிவெள்ளி

படகின் பேர் பாட்டில் ஏறிவிட்டது. தெருவில் பெண்கள் பாடினார்கள், மீன் ஏலம் விடும் இடத்தில் பாடினார்கள். படகு முதலாளியின் ஆட்கள் வந்து, பேரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கமாட்டேன் என்றார். பட்டப்பகலில் ஐஸ் கம்பெனி முக்கில் மடக்கினார்கள். இருவர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவன் ஸ்பானரால் வாயில் அடித்தான். மேல்வரிசை முன்பற்கள் அத்தனையும் போயின. நான் போனபோது ஐஸ் தூள்மேல் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தார். ஒரு பல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எறிந்தார்.

பல் இல்லாமல் 'த'வும் 'ந'வும் காற்றாகப் போயின. வீட்டில் வீங்கின வாயோடு அவர் முனகிப் பார்ப்பதைக் கேட்டு, "அண்ணே, அந்த எழுத்து வராத சொல்லாப் போட்டுக்கிடலாம்லா?" என்று கேட்டுவிட்டேன்.

"பல்லு போனதுக்குப் பாட்ட மாத்துவாங்களாலே?" என்றார். நாக்கை ஈறில் வைத்து அழுத்தி, ரத்தம் கசியக் கசிய அந்த எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடலோரம் கரும்புகை எழுவதைக் கடை வாசலில் நின்று பார்த்தேன். விடிவெள்ளியை எரித்துவிட்டார்கள். தெருவே கைதட்டியது. நெருப்பு அணைந்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே ஒருவன் படுத்திருந்திருக்கிறான். காவலுக்கு வைத்த ஆள். பேர் இசக்கிமுத்து. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயல்வேலை செய்தவன். ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷம், வேலை தேடி வந்தவன். கடலையே அதற்குமுன் பார்த்ததில்லையாம். சாப்பிட்டுவிட்டு வெயிலுக்கு அறைக்குள் தூங்கியிருக்கிறான். அவன் கத்தியது கரைவரை கேட்டது என்று பிறகு சிலர் சொன்னார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை என்று போலீசிடம் தெரு முழுக்க ஒரே குரலில் சொன்னது.

சேவியர் செத்த முப்பதாம் நாள் மாதப் பூசை வந்தது. பூசை முடிந்து பந்தலில் சாப்பாடு. என் மைக்செட்தான். சேவியர் பாட்டைப் பாடச் சொல்லித் தெருப் பெரியவரான சூசை அண்ணனே கேட்டார். இவர் பாடினார். பெண்கள் அழுதார்கள். பாட்டு முடிந்ததும் புல்புல்தாராவை நிறுத்தவில்லை. அதே மெட்டில் மேலே போனார்.

கடலப் பாத்துத் தூங்கினவன் வயக்காட்டான் – அவன்
கண்ணு முழிச்சுப் பாக்கையில நாலு பக்கமும் தீ
எண்ணெ யாரு கொண்டு வந்தா கேக்காத – அவன
எரிச்ச கை எங்க கை, எங்க கை

இலையில் வைத்த கை இலையிலேயே இருந்தது. சூசை அண்ணன் வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"என்னலே பாடுத? போலீசு தெரு முக்குல நிக்கான்."

"கேக்கட்டும்."

"அந்தக் கடைசி வரிய இப்பமே எடுத்துட்டேன்னு எல்லாருக்கும் கேக்குத மாதிரி சொல்லு. சேவியருக்குப் பாடுன வாய்டே. நாங்க ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டோம்."

"பாடுனது பாடுனதுதான்ணே."

சூசை அண்ணன் அழுதார் என்றே நினைக்கிறேன். அழுதுகொண்டேதான் பந்தல்காலில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்தார். இடது பக்கமிருந்து அடித்தார். காது கேட்காத பக்கம். தாடை உடைந்தது. விழுந்தவரை மற்றவர்களும் அடித்தார்கள். பல் போன அன்று அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த வீட்டுக்காரர்கள், சேவியரின் தம்பி, எல்லோரும். புல்புல்தாராவை ஒருவன் மிதித்து உடைத்தான், கம்பிகள் அறுந்து சுருண்டன. என் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கித் தரையில் போட்டார்கள். அவர் திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை. ஒருவர் மூக்கை ஒரே குத்தில் உடைத்த மனிதர் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கிடந்தார். எனக்கு அதுதான் விளங்கவில்லை.

மீன் வண்டி ஒன்றில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினார்கள். வாய் திறக்க முடியாது, குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர். ஏட்டு வந்து யார் அடித்தது என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் பேச்சியம்மாள் என் கடைக்கு வந்தாள். இசக்கிமுத்துவின் மனைவி. புருஷனின் தகரப்பெட்டியை வாங்கிப்போக வந்திருக்கிறாள். டீக்கடையில் யாரோ பாட்டைப் பற்றி வாய்விட்டிருக்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரர எரிச்சத ஒருத்தரு பாட்டாப் படிச்சாராமே. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ அண்ணாச்சி. அத நான் கேக்கணும்."

கூட்டிப்போனேன். வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு நின்றாள். யார் என்று நான் சொன்னதும் அவர் எழுந்து உட்கார முயன்றார். பாட முடியாது. மூக்கால் மெட்டை முனகினார். நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். எனக்குப் பாட்டு வராது, பேச்சாகத்தான் சொன்னேன். 'நாலு பக்கமும் தீ' என்றபோது அவள் சேலையை வாயில் வைத்துக் கடித்தாள். கடைசி வரி முடிந்தது.

"எங்க கைன்னா? யாரு கை?"

நான் அவரைப் பார்த்தேன். ஊரைச் சொல்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, உள்ளங்கையை விரித்து, அவள்முன் நீட்டினார். பிறகு அந்தக் கையால் தன் நெஞ்சில் தட்டினார். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பல் போய் வீட்டில் படுத்துக்கிடக்கிறார் என்று நான் நினைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, மண்ணெண்ணெய் டின்னோடு போனவர்களில் அவரும் ஒருவர்.

பேச்சியம்மாள் அடித்தாள். கட்டுப்போட்ட தாடையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். அவர் முகத்தைத் திருப்பவில்லை. மறுபடி அடித்தாள். துணிக்கட்டு நனைந்து சிவந்தது. நர்ஸ் ஓடிவந்து பிடிக்க, திமிறிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்து விரல்களைப் பின்னால் வளைத்தாள். ஒரு விரல் முறிந்தது. அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது, கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அவளே விட்டாள். மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்தாள்.

"இவம் பேரு என்ன?"

நான் சொன்னேன்.

"பாட்ட இன்னொரு மட்டம் சொல்லும்."

சொன்னேன். நர்ஸ் போகச் சொல்லியும் போகாமல், பாடமாகும்வரை கேட்டாள். அவர் கண்ணை மூடாமல் மெட்டை முனகிக்கொண்டே இருந்தார். பிறகு தகரப்பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கட்டுப் பிரித்த அன்று அவர் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். படகை எரிக்கக் கூட வந்தவர்கள் பேரைக் கேட்டு நாலைந்து நாள் அடித்தார்கள். பாதத்தில் அடித்ததில் நடை நொண்டியானது. தன்னைத் தவிர ஒரு பேரும் சொல்லவில்லை. பாளையங்கோட்டை ஜெயிலில் மனுப்போட்டுப் பார்த்தபோது, "பாட்டுல 'எங்க கை'ன்னீங்க, இங்க 'என் கை'ன்னு மட்டும் சொல்லியிருக்கீங்களே அண்ணே" என்று கேட்டேன்.

"பாட்டு வேற, கேசு வேறடே" என்றார்.

சில வருஷங்கள் கழித்து வெளியே வந்தார். தெரு சேர்க்கவில்லை. சூசை அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். உள்ளே உட்கார்ந்து அழுதாராம். கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் சங்குக்கும் போக முடியாது. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒரு கோயில் கொடைக்கு மைக்செட் கட்டப் போயிருந்தேன். போகும் வழியில் வயலில் பெண்கள் நடுகை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். அந்த மெட்டு காதில் விழுந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கடலப் பாத்துத் தூங்கினவன். நாலு பக்கமும் தீ. எல்லாம் அப்படியே இருந்தது. கடைசி வரி மட்டும் அப்படி இல்லை. 'எரிச்ச கை' என்று பாடி, அதன்பின் அவர் பேரைச் சொல்லி, 'அவன் கை, அவன் கை' என்று முடித்தார்கள். அவரைக் கண்ணால் காணாத பெண்கள், ஏதோ பேயின் பேரைச் சொல்வதுபோல் அந்தப் பேரைச் சொன்னார்கள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பேச்சியம்மாள் வரிசையில் இருந்தாளா என்று பார்த்தேன். குனிந்த தலைகளில் அடையாளம் தெரியவில்லை.

அதை அவரிடம் சொல்லலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன். ஒரு வரிக்காகத் தாடை உடைந்தவர். கடைசியில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறுமுகநேரிக்குப் போனேன். காலை வெயில். முழங்கால் வரை உப்புப் பூத்த காலோடு பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். தாடை ஒரு பக்கமாகக் கோணி ஒட்டியிருந்தது. ஒரு விரல் மடங்கவில்லை.

"அண்ணே, ஸ்ரீவைகுண்டத்துல வயல்ல ஒங்க பாட்டப் பாடுதாவ."

"எந்தப் பாட்ட?"

சொன்னேன். வாருகோலை நிறுத்தினார்.

"சரியாப் பாடுதாவளா?"

"கடைசி வரிய மாத்திட்டாவ."

அவர் முகத்தில் பழைய கோபம் ஏறுவதைப் பார்த்தேன். அறியாமலே ஒரு அடி பின்னால் வைத்தேன். "என்னன்னு?" என்றார். எனக்கு வந்த அளவில் பாடிக் காட்டினேன். அவர் பேர் வரும் இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது.

"கேக்கல. நல்லாச் சொல்லு" என்று வலது காதைக் காட்டினார்.

மறுபடி, சத்தமாகச் சொன்னேன்.

அவர் பாத்தித் தண்ணீரைப் பார்த்தார். பிறகு வாருகோலைக் கீழே போட்டார். பல் இல்லாத, கோணின வாயால் பாட்டை முதலிலிருந்து எடுத்தார். உப்பு சுமந்துகொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒரே மூச்சில் பாடிப் போகிறவர், அந்தக் கடைசி வரிக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினார். தன் பேரைச் சொல்லிப் பாடினார். அவன் கை, அவன் கை.

"இனிமே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வாருகோலை எடுத்தார்.